வீட்டில் காரீயம் உருக்குதல்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

பழைய மின்கலத் தகடுகள், தூண்டில் குண்டுகள், கேபிள் உறைகள் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் காரீயத்தை வீட்டு அடுப்பில் உருக்கி வார்க்கும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகிறது. பைக்காரா, எமரால்டு போன்ற நீர்த்தேக்கங்களில் மீன் பிடிப்பதற்கான குண்டுகளை வார்ப்பதும், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைக் காரணம் காட்டி நாட்டுத் துப்பாக்கிக்கான ஈயக் குண்டுகளை வார்ப்பதும், பழைய இரும்புக் கடையில் விற்பதற்காகத் தகடுகளை உருக்கிக் கட்டியாக்குவதும் இவற்றுள் அடங்கும். நோக்கம் எதுவாயினும் உடலுக்கு நேரும் தீங்கு ஒன்றே. உருக்கியவரைவிட அதே வீட்டில் தவழும் குழந்தையே பெரும்பாலும் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறது.

நீலகிரி மாவட்டத்தின் குளிர், மழை, நெருக்கமான குடியிருப்புகள் ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

முக்கியச் செய்திகள்

- உடலுக்குத் தீங்கற்ற காரீய அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.
- வீட்டினுள்ளோ, வீட்டை ஒட்டிய கொட்டகையிலோ காரீயம் உருக்குவதற்குப் பாதுகாப்பான முறை எதுவும் இல்லை. துணிக்கட்டோ சாதாரண முகக்கவசமோ பாதுகாப்பு அளிக்காது.
- தொடக்கத்தில் அறிகுறிகள் இல்லாமலே பாதிப்பு ஏற்படலாம். இரத்தப் பரிசோதனை ஒன்றே அதை உறுதி செய்யும்.
- வீட்டில் காரீயம் உருக்கப்பட்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். சிகிச்சை அந்த ஒரு தகவலிலிருந்தே தொடங்குகிறது.

ஈயம், வெள்ளீயம், காரீயம்: எது எது?

பேச்சு வழக்கில் ‘ஈயம்’ என்ற ஒரே சொல் இரு வேறு உலோகங்களைக் குறிக்கிறது. இரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறப் பூச்சும் வெள்ளீயத்தால் ஆனவையாக இருத்தல் வேண்டும். மின்கலம், தூண்டில் குண்டு, துப்பாக்கிக் குண்டு ஆகியவற்றில் இருப்பது காரீயம். இதுவே நச்சு உலோகம்.

இரண்டும் சாம்பல் கலந்த வெண்ணிறமுடையவை. இரண்டும் எளிதில் உருகுபவை. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசிலும் காரீயம் 327 டிகிரி செல்சியசிலும் உருகுகின்றன. கனம், மென்மை, நகக்கீறல், தாளில் விழும் கரிய கோடு ஆகியவற்றைக் கொண்டு இது இன்ன உலோகம் என்று முடிவு செய்வோர் உண்டு. ஆனால் பழைய உலோகத்துண்டு பெரும்பாலும் கலப்பு உலோகமாகவே இருக்கும். மின்கலத் தகடுகளில் காரீயத்துடன் ஆன்டிமனி, ஆர்செனிக், கால்சியம் ஆகியவையும், பற்றவைப்பு ஈயத்தில் வெள்ளீயமும் கலந்திருக்கலாம். எந்தத் துண்டில் என்ன உள்ளது என்பதைக் கண்ணால் பார்த்தோ கையால் தொட்டோ அறிய இயலாது. உருக்கும்போது இக்கலப்புகள் அனைத்தும் சேர்ந்தே வெளிப்படுகின்றன. ஆர்செனிக் கலந்த சில கசடுகளில் ஈரம் பட்டால் ஆர்சின் என்னும் கொடிய நச்சு வாயு உண்டாகக்கூடும்.

எனவே, எங்கிருந்து வந்தது எனத் தெரியாத ‘ஈயத்தை’ உருக்கிப் பாத்திரத்திற்குப் பூசுதல் கூடாது. ஈயச் சொம்பு வாங்கும்போது அது தூய வெள்ளீயமா என்பதை நம்பத்தக்க விற்பனையாளரிடம் உறுதி செய்து கொள்ளுதல் வேண்டும். ஐயத்திற்குரிய பாத்திரத்தைச் சமையலிலிருந்து நீக்கிவிடுவதே நல்லது. புளி, தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருள்கள் காரீயத்தை எளிதில் கரைத்து உணவில் சேர்க்கின்றன.

காரீயம் உடலுக்குள் எவ்வாறு செல்கிறது?

காரீயம் உருகும்போது அதன் மேற்பரப்பில் சாம்பல் போன்ற கசடு படிகிறது. அதை வழித்து எடுக்கும்போது நுண்தூசி பறக்கிறது. வெப்பம் ஏறத்தாழ 500 டிகிரியைத் தாண்டும்போது கண்ணுக்குப் புலப்படாத காரீய ஆவியும் கணிசமாக எழுகிறது. விறகு அடுப்பின் வெப்பம் இந்த அளவை எளிதில் கடந்துவிடும்; அதைக் கட்டுப்படுத்துவதும் அரிது. ஆவி குளிர்ந்து மிக நுண்ணிய துகள்களாக மாறி, தரை, சுவர், போர்வை, உணவுப்பாத்திரம் ஆகிய அனைத்தின் மீதும் படிகிறது.

புகை கலைந்தவுடன் ஆபத்தும் நீங்கிவிட்டது என்று எண்ணுவது தவறு. காரீயம் ஒரு தனிமம். அது மட்குவதில்லை, அழிவதில்லை. ஒருநாள் படிந்த தூசி, அகற்றப்படாவிட்டால் பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும்.

உடலுக்குள் செல்லும் வழிகள்:

- மூச்சு வழி: ஆவியும் நுண்தூசியும் நுரையீரலை அடைந்து இரத்தத்தில் கலக்கின்றன.
- வாய் வழி: கை கழுவாமல் உண்ணுதல், பீடி பிடித்தல், வெற்றிலை போடுதல் ஆகியவற்றால் செல்கிறது. குழந்தைகள் தரையைத் தொட்ட கையை வாயில் வைப்பதே மிக முக்கியமான வழியாகும்.
- தாயிடமிருந்து: கருப்பையில் உள்ள சிசுவைத் தாயின் இரத்தம் வழியாக அடைகிறது.

நீலகிரியில் மூன்று காரணங்கள் இந்த ஆபத்தை மிகுதிப்படுத்துகின்றன. முதலாவது குளிர். தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளில் குளிருக்காகக் கதவும் சன்னலும் அடைக்கப்படுகின்றன. சமையலும் உறக்கமும் ஒரே அறையில் அல்லது அடுத்தடுத்த அறைகளில் நிகழ்கின்றன. அங்கே எழும் தூசி வெளியேற வழியில்லை. இரண்டாவது மழை. கொட்டிய கசடு மழைநீருடன் ஓடையிலும் காய்கறித் தோட்டத்திலும் சேர்கிறது. மூன்றாவது மண். தேயிலை விளையும் மண் அமிலத்தன்மை கொண்டது. அமில மண்ணில் காரீயம் எளிதில் கரைந்து நகர்கிறது. கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு போன்ற மண்ணுக்குள் விளையும் காய்களில் மாசுபட்ட மண் ஒட்டிக்கொள்வதால், கசடு கொட்டிய இடத்தில் இவற்றைப் பயிரிடுதல் கூடாது.

ஈயக் குண்டால் சுடப்பட்ட விலங்கின் இறைச்சியும் ஒரு வழியே. குண்டு உடலுக்குள் சிதறி, காயத்திலிருந்து தொலைவிலும் கண்ணுக்குத் தெரியாத துகள்களை விட்டுச் செல்கிறது. காயம்பட்ட பகுதியை மட்டும் வெட்டி நீக்குவதால் இறைச்சி தூய்மையாகிவிடுவதில்லை.

காரீயம் உடலில் என்ன செய்கிறது?

உடல் காரீயத்தைக் கால்சியம் என்று தவறாகக் கொண்டு எலும்பிலும் பல்லிலும் சேமிக்கிறது. இரத்தத்தில் உள்ள காரீயத்தின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். எலும்பில் சேர்ந்தது பல பத்தாண்டுகள் தங்கியிருக்கும். கருவுற்ற காலத்திலும் முதுமையிலும் எலும்பிலிருந்து அது மீண்டும் இரத்தத்திற்கு வரக்கூடும். இளமையில் காரீயத்திற்கு ஆட்பட்ட பெண்ணின் கருவுக்கும் இதனால் தீங்கு நேரலாம்.

ஒரே அளவு காரீயம் வயிற்றுக்குள் சென்றாலும், சிறு குழந்தையின் உடல் பெரியவரைவிட 4 முதல் 5 மடங்கு கூடுதலாக அதை உட்கிரகிக்கிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடல் இன்னும் கூடுதலாக ஏற்கிறது. வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்பு பெரும்பாலும் நிரந்தரமானது.

யூனிசெஃப் நிறுவனமும் பியூர் எர்த் அமைப்பும் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் உள்ளது. அவர்களுள் சுமார் 27.5 கோடிக் குழந்தைகள் இந்தியாவில் உள்ளனர் என்பது அவ்வறிக்கையின் மதிப்பீடு. முறையற்ற மின்கல மறுசுழற்சியை அது முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.

வீட்டளவில் நிகழும் இவ்வேலை எவ்வளவு கொடியதாகலாம் என்பதற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டு நிகழ்வு சான்று. தலைநகர் டக்காரின் புறநகரான தியாரோய் சுர் மேரில், பழைய மின்கலங்கள் உடைக்கப்பட்ட இடத்தின் மண்ணை மக்கள் அள்ளிச் சென்று, வீடுகளில் சலித்துக் காரீயம் பிரித்தனர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான காலத்தில் அங்கே 18 சிறு குழந்தைகள் உயிரிழந்தனர். அக்குழந்தைகள் காரீய வேலை செய்தவர்கள் அல்லர். அந்தத் தூசியிடையே வாழ்ந்தவர்கள்.

அறிகுறிகள் யாவை?

குழந்தைகளிடம்:

- பசியின்மை, எடை குறைதல், வாந்தி
- அடிக்கடி வரும் வயிற்றுவலி, மலச்சிக்கல்
- வெளிறிய தோற்றம், சோர்வு
- எரிச்சல், கவனக்குறைவு, கற்றலில் பின்தங்குதல்
- கற்றுக்கொண்ட பேச்சையோ நடையையோ இழத்தல்
- மண், சுவர்ச் சுண்ணாம்பு ஆகியவற்றைத் தின்னுதல்

பெரியவர்களிடம்:

- தலைவலி, உறக்கமின்மை, மறதி
- வயிற்றைப் பிசையும் வலி, மலச்சிக்கல்
- மூட்டு மற்றும் தசை வலி, கைகளில் வலுவின்மை, மணிக்கட்டு தொங்குதல்
- உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு
- ஆண்களுக்கு விந்தணுக் குறைபாடு, பெண்களுக்குக் கருச்சிதைவு
- ஈறின் விளிம்பில் நீலங்கலந்த கரிய கோடு (சிலரிடம் மட்டும்)

இவ்வறிகுறிகள் வேறு பல நோய்களிலும் காணப்படுபவை. குழந்தையின் வயிற்றுவலி குடற்புழு என்றும், சோகை உணவுக் குறைபாடு என்றும் கருதப்பட்டு, மருந்து கொடுத்தும் குணமாகாமல் தொடரலாம். அவ்வாறான நிலையில், ‘வீட்டிலோ அண்டை வீட்டிலோ காரீயம் உருக்கப்பட்டதா?’ என்ற கேள்வியை நீங்களே எழுப்பிக்கொள்ளுங்கள்.

உடனடியாக 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டிய நிலைகள்

- வலிப்பு, மயக்கம், எழுப்ப இயலாத உறக்கம்
- இடைவிடாத வாந்தியுடன் குழப்பமான பேச்சு அல்லது தள்ளாட்டம்
- காரீயக் குண்டு அல்லது துண்டை விழுங்கியிருத்தல்
- உருக்கும் இடத்தில் இருந்தபின் மூச்சுத்திணறல், சிவந்த அல்லது கரிய நிறச் சிறுநீர்
- உருகிய உலோகம் தெறித்த தீக்காயம்

விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உருகிய காரீயத்தில் ஒரு துளி நீர் விழுந்தாலும் அது நொடியில் நீராவியாகி, உலோகத்தை நாற்புறமும் சிதறடிக்கும். மழையும் பனிமூட்டமும் மிகுந்த இடத்தில் ஈரம் படிந்த துண்டே இதற்குப் போதும். அவ்வாறு காயம் ஏற்பட்டால், அவ்விடத்தை ஓடும் சாதாரண நீரில் 20 நிமிடங்கள் குளிர்வியுங்கள். தோலில் ஒட்டிய உலோகத்தைப் பிய்க்க வேண்டாம். பற்பசை, மஞ்சள், மை ஆகியவற்றைத் தடவ வேண்டாம்.

பரிசோதனை எவ்வாறு செய்யப்படுகிறது?

நரம்பிலிருந்து இரத்தம் எடுத்து அதில் உள்ள காரீய அளவை அறிவதே முறையான பரிசோதனை. விரல் நுனியில் குத்தி எடுக்கும் இரத்தத்தில் தோலில் ஒட்டிய தூசி கலந்துவிடக்கூடும் என்பதால், அதில் அளவு மிகுதியாகத் தெரிந்தால் நரம்பு இரத்தத்தின் மூலம் உறுதி செய்யப்படும். முடிப் பரிசோதனையை நம்பி முடிவெடுத்தல் கூடாது.

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். தேவைக்கேற்ப உதகமண்டலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, குன்னூர் அரசு லாலி மருத்துவமனைக்கோ, கூடலூர் அரசு மருத்துவமனைக்கோ பரிந்துரைக்கப்படுவீர்கள். இரத்த மாதிரி வேறு ஆய்வகத்திற்கு அனுப்பப்படலாம். எங்குச் செல்வது என்ற ஐயம் இருப்பின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

உருக்கியவர், ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகள், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார் ஆகிய அனைவரும் ஒரே நேரத்தில் பரிசோதனை செய்துகொள்ளுதல் வேண்டும். ஒருவரின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருந்தால், அதே கூரையின் கீழ் வாழும் மற்றவர்களுக்கும் அது இருக்க வாய்ப்புண்டு.

மருத்துவரிடம் என்ன கூற வேண்டும்?

சட்டச் சிக்கல் வருமோ என்ற அச்சத்தால் சிலர் உண்மையைக் கூறத் தயங்குகின்றனர். உரிமமின்றிக் குண்டு தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படியும், வனவிலங்கு வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றமாகும். ஆயினும் மருத்துவருக்குச் சிகிச்சைக்காகத் தேவைப்படுவது, எதற்காக உருக்கினீர்கள் என்பதன்று. ‘வீட்டில் காரீயம் உருக்கினோம்; இந்த இடத்தில்; இத்தனை முறை; கடைசியாக இன்ன நாளில்’ என்று கூறினால் போதும். நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காப்பது மருத்துவரின் தொழில்நெறிக் கடமை.

இந்த ஒரு வாக்கியம் கூறப்படாததால், தேவையற்ற மருந்துகளில் மாதங்கள் கழியலாம். குழந்தை அதே தூசியிடையே தொடர்ந்து வளர நேரிடலாம்.

நாட்டு மருந்துப் பற்பம், செந்தூரம், சுர்மா, குங்குமம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதையும் சேர்த்துக் கூறுங்கள். இவற்றுள் சிலவற்றிலும் காரீயம் இருக்கக்கூடும்.

சிகிச்சை என்ன?

முதற் சிகிச்சை, காரீயத்தின் மூலத்தை அகற்றுவதே. இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிந்து நீக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. குழந்தைகளுக்கு 45 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கீலேஷன் எனப்படும் உலோகநீக்கச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. பெரியவர்களுக்கும் கருவுற்றோருக்கும் அளவையும் அறிகுறிகளையும் பொறுத்து மருத்துவர் முடிவு செய்வார்.

கீலேஷன் மருந்துகள் காரீயத்துடன் பிணைந்து அதைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. இவற்றை மருத்துவமனைக் கண்காணிப்பின்றி உட்கொள்ளுதல் ஆபத்தானது. வீட்டில் காரீயத் தூசி இருக்கும்போதே இச்சிகிச்சை பெற்றுத் திரும்பினால், அளவு மீண்டும் உயரும். ஆகவே வீடு தூய்மையாகும் வரை குழந்தையை உறவினர் வீட்டில் தங்க வைப்பது குறித்து மருத்துவரிடம் கலந்து பேசுங்கள்.

இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் சி நிறைந்த உணவு காரீயம் உட்கிரகிக்கப்படுவதைக் குறைக்க உதவும். ராகி, முருங்கைக்கீரை, பயறு வகைகள், முட்டை, பால், நெல்லிக்காய், கொய்யா ஆகியவை ஏற்றவை. உணவுடன் தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்து அருந்துங்கள். குழந்தைக்குத் தேநீர் வேண்டாம்.

வீட்டைத் தூய்மைப்படுத்துவது எப்படி?

1. உருக்குவதை உடனே நிறுத்துங்கள். சட்டி, கரண்டி, அச்சு ஆகியவற்றைத் தேய்த்துக் கழுவினாலும் மீண்டும் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது.
2. தூய்மைப்படுத்தும்போது குழந்தைகளும் கருவுற்றோரும் வீட்டில் இருத்தல் கூடாது.
3. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். தூசி மீண்டும் பறக்கும். சோப்புக் கரைசலில் நனைத்த துணியால் தரை, சன்னல் விளிம்பு, அலமாரி ஆகியவற்றைத் துடைத்து, வேறு நீரில் மறுபடியும் துடையுங்கள்.
4. துடைத்த துணிகளை எரிக்க வேண்டாம். கசடுடன் சேர்த்து மூடியுள்ள கலனில் இட்டு, குழந்தைகளுக்கு எட்டாதவாறு வைத்து, அப்புறப்படுத்தும் முறையை உள்ளாட்சி அலுவலகத்திலோ மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலோ கேளுங்கள். ஓடையிலோ தோட்டத்திலோ கொட்ட வேண்டாம்.
5. உருக்கும்போது அணிந்திருந்த கம்பளி, போர்வை, உடை ஆகியவற்றைத் தனியாகத் துவைக்கவும். காலணிகளை வாசலிலேயே விடவும்.
6. உண்பதற்கு முன்பும் உறங்குவதற்கு முன்பும் குழந்தையின் கைகளையும் விளையாட்டுப் பொருள்களையும் சோப்பால் கழுவவும்.

பழைய மின்கலத்தை என்ன செய்வது?

உடைக்காமல், அமிலத்தைக் கொட்டாமல், முழுமையாக விற்பனையாளரிடம் திருப்பிக் கொடுங்கள். பயன்படுத்திய மின்கலங்கள் முறையாகச் சேகரிக்கப்பட்டு, பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்களுக்குச் செல்ல வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின் நோக்கம். புதிய மின்கலம் வாங்கும்போது பழையதற்கு உரிய விலையும் பெரும்பாலும் கழித்துத் தரப்படுகிறது.

பொதுவான ஐயங்கள்

*வெல்லம், பால், வாழைத்தண்டு ஆகியவை காரீயத்தை வெளியேற்றுமா?*
வெளியேற்றா. நல்ல உணவு பாதுகாப்பிற்குத் துணை; அது சிகிச்சை ஆகாது.

*வெளியில், திறந்தவெளியில் உருக்கலாமா?*
கூடாது. உடையிலும் முடியிலும் காலணியிலும் ஒட்டிய தூசி வீட்டிற்கே வந்து சேரும். மண்ணில் விழுந்தது அங்கேயே தங்கும்.

*ஒரே ஒருமுறைதான் உருக்கினோம். பரிசோதனை தேவையா?*
வீட்டில் சிறு குழந்தையோ கருவுற்றவரோ இருந்தால் தேவை.

*தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த வேண்டுமா?*
நீங்களாக நிறுத்த வேண்டாம். தாயின் இரத்த அளவைப் பார்த்து மருத்துவர் அறிவுரை கூறுவார்.

*பாதிப்பு முழுமையாகக் குணமாகுமா?*
சோகை, வயிற்றுவலி ஆகியவை பெரும்பாலும் சரியாகும். மூளை வளர்ச்சியில் ஏற்பட்ட இழப்பை மருந்தால் முழுமையாக மீட்க இயலாது. எனினும் மூலத்தை விரைவில் நீக்கினால் மேலும் இழப்பைத் தடுக்கலாம். ஊட்டமான உணவும், பேச்சு மற்றும் கற்றல் பயிற்சியும் குழந்தையின் முன்னேற்றத்திற்கு உதவும்.

உங்கள் வீட்டில் காரீயம் உருக்கப்பட்டிருந்தால், அறிகுறி தோன்றும் வரை காத்திராமல், குழந்தையுடன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை இவ்வாரமே அணுகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.